மலையிறங்கிய பன்னிரண்டு டெராபைட்

மூன்றாவது தடவையாக லைன் அறுந்தபோது பூபதிராஜா இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர் திரையில் எறும்பு மாதிரி ஊர்ந்துகொண்டிருந்த பச்சைக் கோடு நின்றது. பிறகு சிவப்பாகி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டது.

"ஏனம்மிணி, மறுபடியும் மொதல்ல இருந்தா?"

"மொதல்ல இருந்துதானுங்ணா" என்றாள் அவருடைய ஆபீஸ் இன்ஜினியர் மௌனிகா. ஒன்பது மணி நேரம் ஊர்ந்த கோடு அது. அவளுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரள ஊரான வடகரப்பதியில் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது பூபதி கேபிள் ஆபீஸ். டிவி கேபிளில் ஆரம்பித்து இன்டர்நெட்டுக்கு வந்தவர் பூபதிராஜா. இருபத்திரண்டு வருட வேலை. ஒரு காலத்தில் ஆயிரத்து நூறு வீடுகள் அவர் கம்பியில் இருந்தன. போன வருடம் ஒரு பெரிய கம்பெனி ஊருக்குள் வந்து போஸ்ட் நட ஆரம்பித்தது. அப்புறம் நானூற்று முப்பதுதான் மிச்சம். அந்தக் கம்பெனி ஆட்கள் இரண்டு முறை வந்து, "லைனை எங்ககிட்ட விட்டுட்டு நீங்க நிம்மதியா தோப்பைப் பாருங்க சார்" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவருக்கு அந்த அன்பைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஏலக்காய் வந்தது. ஏலக்காய் என்றால் ஏலக்காயின் படம்.

இடுக்கி மலையில் ஆனைக்கரையில் ஒரு தனியார் ஏலக்காய் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோட்டங்களுக்கு மேலே ட்ரோன் பறக்கவிட்டு ஒவ்வொரு செடியையும் படம் எடுத்து வைத்திருந்தார்கள். எந்தச் செடிக்கு அழுகல் நோய் தொடங்குகிறது என்று இலையைப் பார்த்தே சொல்லிவிடும் பெரிய கம்ப்யூட்டர்கள் அவர்களுடைய கோயம்புத்தூர் ஆபீசில் இருந்தன. படம் மலையில், கம்ப்யூட்டர் கீழே. மொத்தம் பன்னிரண்டு டெராபைட், வழியில் யாரும் திறந்து பார்க்க முடியாதபடி பூட்டி முத்திரை வைத்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், வருடம் முழுக்க அந்த வேலை கிடைக்கும்.

பெரிய கம்பெனிகள் புதிதாக லைன் இழுக்க வேண்டும், ஒன்பது மாதம் ஆகும் என்றன. பூபதிராஜா, "ஒரு வாரம் போதுமுங்க" என்றார். ஆனைக்கரையிலிருந்து மறையூர், உடுமலை, பொள்ளாச்சி வழியாக வடகரப்பதி வரைக்கும் தன்னைப் போன்ற சின்னக் கேபிள்காரர்கள் ஏழு பேர். ஏழு கம்பியையும் முடிச்சுப் போட்டால் வழி ஆயிற்று. வடகரப்பதியைத் தாண்டினால் கோயம்புத்தூர் கூப்பிடு தூரம்.

முடிச்சுப் போட்டாகிவிட்டது. ஆனால் ஏழு கம்பியும் ஒரே சமயத்தில் சரியாக இருப்பேனா என்றது. ஆனைக்கரையில் மழை பெய்தால் பொள்ளாச்சியில் வெயில். பொள்ளாச்சியில் கரண்ட் போனால் மறையூரில் இருக்கும். எங்கேயாவது ஒன்று அறுந்தால் மொத்தமும் முதலிலிருந்து.

போன் அடித்தது. ஆனைக்கரையிலிருந்து கத்தரீனாள். ஐம்பத்திரண்டு வயது. ஒரு ஏக்கர் ஏலத்தோட்டமும் முந்நூறு கனெக்ஷனும் வைத்திருந்த அம்மாள். கம்பத்தில் தானே ஏறிக் கம்பி கட்டுபவள்.

"தம்பி, இங்க மழை ஊத்துது. எந்த மரம் எங்க விழுந்துச்சோ தெரியல. நான் என்னத்தச் செய்ய?"

"நீங்க கம்பத்துல ஏறாம இருங்க அக்கா, அது போதுங்க."

போனை வைத்துவிட்டுப் பூபதிராஜா ஜன்னல் வழியாகப் பார்த்தார். திங்கட்கிழமை மத்தியானம். சாலைக்கு அந்தப் பக்கம் அந்தக் கம்பெனியின் போஸ்ட் புத்தம் புதிதாக நின்றுகொண்டிருந்தது.

"அண்ணா, ஆனைக்கரையும் கோயமுத்தூரும் ஒரே நேரத்துல முழிச்சிருக்கோணும்னு நெனைக்கறதுதான் தப்புங்ணா" என்றாள் மௌனிகா. "நடுவுல அங்கங்க நிறுத்தி வைக்கலாமுங்க. ஆனைக்கரைல ஒரு மெஷின், மறையூர்ல ஒண்ணு, நம்மகிட்ட ஒண்ணு. வர்றதை வாங்கி வெச்சுக்கும். அடுத்த லைன் எப்பச் சும்மா இருக்குதோ அப்பத் தள்ளிவிடும். ஒரு பக்கம் அறுந்தா அந்தப் பக்கம் மட்டுந்தான் நிக்கும். பஃபர்னு சொல்லுவாங்க."

பூபதிராஜா தன் தோப்பை நினைத்தார். அங்கே போர்வெல் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும். த்ரீ பேஸ் கரண்ட் வரும்போது மோட்டாரைப் போட்டுத் தொட்டியில் பிடித்து வைப்பார். தென்னைக்கு எப்போது வேண்டுமோ அப்போது சொட்டுநீரில் விடுவார்.

"தொட்டி" என்றார்.

"தொட்டியேதானுங்ணா."

"இதைச் சொல்றதுக்கா நாலு வருசம் இன்ஜினியரிங் படிச்சே?"

"தொட்டி ஒழுகக்கூடாதுங்ணா. அதுக்குத்தான் படிப்பு."

அரை மணி நேரத்தில் பூபதிராஜா கீழே இறங்கிப் போய், தான் கண்டுபிடித்த தொட்டி முறையை உரக்கடைக்காரருக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை அவரே ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு மலையேறினார். மறையூரில் ஜோஸ் என்பவரின் மொபைல் கடையில் ஒரு பெட்டி. ஆனைக்கரையில் கத்தரீனாள் வீட்டு முன்னறையில், மாதா படத்துக்குக் கீழே ஒரு பெட்டி. மௌனிகா வடகரப்பதி ஆபீசில் மூன்றாவது பெட்டியை வைத்து, அங்கே இருந்தபடியே பன்னிரண்டு டெராபைட்டையும் தொண்ணூற்றாறாயிரம் பொட்டலமாக நறுக்கினாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர். அடுத்த தொட்டி "வந்து சேர்ந்தது, முழுசாக இருக்கிறது" என்று பதில் சொன்ன பிறகுதான் முந்தைய தொட்டி தன்னிடம் இருப்பதை அழிக்கும்.

புதன்கிழமை காலையில் கத்தரீனாள் கூப்பிட்டாள்.

"தம்பி, தொட்டி நெறஞ்சுருச்சு."

பூபதிராஜாவுக்கு மனம் குளிர்ந்தது. "பாத்தீங்களா அக்கா. நான் சொன்னனுங்களே."

"நெறஞ்சு நிக்குது தம்பி. மறையூருக்கு எறங்க மாட்டேங்குது. ஆராய்ச்சி ஆபீஸ்ல இருந்து ஆள் வந்து நிக்காக. அவுக பக்கம் அப்படியே அடைச்சுக்கிட்டாம்."

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கத்தரீனாள் வீட்டுக்கு வருகிற கம்பி தடிமன். அங்கிருந்து மறையூருக்குப் போகிறது ஒல்லி. பூபதிராஜா யோசிக்கவே இல்லை.

"அம்மிணி, மறையூர் லைனை முழுசாத் திறந்துவுடு."

திறந்துவிட்டாள். நாற்பது நிமிடம் பச்சைக் கோடு ஓட்டமாக ஓடியது. நாற்பத்தோராவது நிமிடம் ஜோஸ் கூப்பிட்டார்.

"பூபதிண்ணே, கடை முன்னாடி அம்பது பேர் நிக்கிறாங்க. ஊர் மொத்தம் நெட்டு நின்னுபோச்சு. சீரியல்ல மாமியார் திட்டறதுக்கு வாயைத் திறந்தவ, கால் மணி நேரமா மூடல."

"சித்தெ பொறுக்கச் சொல்லுங்க."

"மாமியாரையா, மருமகளையாண்ணே?"

மௌனிகா ஒரு விதி எழுதினாள். ஊர் சனங்கள் பார்க்கிறபோது பொட்டலங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். அவர்கள் பார்க்காதபோது போகலாம். மறையூரில் மாமியார் திட்டி முடித்தாள். ஆனால் பொட்டலங்கள் மரியாதையாக ஒதுங்கியே நின்றதில், ஆனைக்கரைத் தொட்டி விளிம்புக்கு வந்துவிட்டது.

"அக்கா, அந்தப் பெட்டியில இன்னொரு டிஸ்க் சொருகோணுமுங்க. எதாச்சும் கைல இருக்குதுங்களா?"

"பாக்குதேன் தம்பி."

ஒரு மணி நேரத்தில் இடம் கிடைத்துவிட்டது. எல்லாம் நன்றாக ஓடியது. மத்தியானம் மூன்று மணிக்கு மௌனிகா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தாள்.

"அண்ணா, நம்பர் இல்லாம என்னமோ வருதுங்ணா."

திறந்து பார்த்தால் வீடியோ. வாணவேடிக்கை, பேண்டு வாத்தியம், பூ அலங்காரத்தில் அந்தோணியார் தேர். பூபதிராஜா போனை எடுத்தார்.

"அக்கா, அந்த டிஸ்க் எங்கிருந்து எடுத்தீங்க?"

"நம்ம கோயில் டிஸ்க்கு தம்பி. திருநாள் வீடியோ, எட்டு வருசத்தது. அதுலதான் நெறைய எடம் கெடந்துச்சு. ஏன் தம்பி?"

தொட்டியில் எது இருந்தாலும் அடுத்த ஊருக்குத் தள்ளுவதுதான் அந்தப் பெட்டியின் குணம். எட்டு வருடத் திருநாளும் பொட்டலங்களோடு வரிசையில் நின்று மலையிறங்கிக்கொண்டிருந்தது.

"தேர் மறையூரைத் தாண்டிருச்சுங்க அக்கா."

 கத்தரீனாள் சொன்னாள்: "ரோட்டு வழியாப் போனா மழையில நனைஞ்சிருப்பாரு. இப்படிப் போறாரு. இருக்கட்டும். அழிச்சுராதீக தம்பி."

நம்பர் இல்லாததைத் தனியாக ஒதுக்கி வைக்க மௌனிகா இன்னொரு விதி எழுதினாள். அது முடிய மாலை ஆறு மணி ஆயிற்று. அந்தோணியார் வடகரப்பதியில் பத்திரமாகத் தங்கினார். ஏலக்காய் மூன்று மணி நேரம் தாமதம்.

அந்தத் தாமதத்தை ஈடுகட்டத்தான் வியாழக்கிழமை பூபதிராஜா ஆட்டோவில் மைக் கட்டினார். வடகரப்பதியிலிருந்து கோயம்புத்தூர் போகிற லைனில் ஊர்க்காரர்கள் காலையில் கொஞ்ச நேரம் படம் பார்க்காமல் இருந்தால் போதும். போனில் ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கலாம். மௌனிகா அதைத்தான் சொன்னாள். ஆனால் இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக அவர் கம்பியில் சீரியல் அல்லாத ஒன்று போகிறது. அவருக்கு அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

"அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, மலையிலிருந்து ஒரு முக்கியமான விசயம் நம்ம ஊர் வழியா, நம்ம கம்பி வழியாப் போகுதுங்க. பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும் வீடியோ பாக்காம ஒத்துழைக்கோணுமுங்க."

பத்தரை மணிக்கு டீக்கடையில் அது ஏலக்காயிலிருந்து எடுக்கிற புது மருந்து ஆயிற்று. பதினொன்றரைக்கு ராக்கெட்டு சமாச்சாரம் ஆயிற்று. பன்னிரண்டு மணிக்கு உரக்கடை மாடிப்படியில் வரிசை நின்றது. சொன்ன சொல் தவறாமல் யாரும் வீட்டில் வீடியோ பார்க்கவில்லை. எல்லோரும் பெட்டியைப் பார்க்க வந்துவிட்டார்கள். பார்த்தவர்கள் பெட்டியை வீடியோ எடுத்தார்கள். எடுத்த வீடியோவை அங்கேயே நின்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்கள்.

"அண்ணா, லைன் மொத்தமா அடைச்சிருச்சுங்ணா" என்றாள் மௌனிகா.

பூபதிராஜாவுக்குக் காது கேட்கவில்லை. பால் சொசைட்டி செக்ரட்டரி ஈஸ்வரமூர்த்தி அவருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தார். "நம்மூருக்கு இப்படி ஒரு காரியம் வரும்னு நான் நெனைக்கலீங்க பூபதி."

"எல்லாம் தொட்டிதானுங்க" என்றார் பூபதிராஜா அடக்கமாக.

ராமாத்தாள் என்ற பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு முழம் செவ்வந்தி கொண்டுவந்து பெட்டிக்குச் சாத்தினாள். அவளைப் பார்த்து இன்னும் ஆறேழு பேர் சாத்தினார்கள். இரண்டு மணிக்குப் பெட்டி தெரியவில்லை, பூதான் தெரிந்தது. இரண்டரைக்குப் பெட்டி சூடாகி அணைந்துவிட்டது.

அவர் மனைவி செல்வப்பிரியா பள்ளிக்கூட டீச்சர். பள்ளி விட்டதும் நேராக மாடிக்கு வந்தாள். ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுக்கு மூச்சு விடறதுக்கு எடமே இல்லீங்களே."

மாலைகளை அவளே அள்ளி எடுத்தாள். ஆனாலும் பெட்டி கொதித்துக்கொண்டிருந்தது. பூபதிராஜா வீட்டிலிருந்து ஏசியைக் கழற்றி வரச் செய்தார். ஏசியைப் போட்டதும் கட்டடத்தின் மொத்த ஃபியூஸும் போயிற்று. கீழே உரக்கடைக்காரரின் பில் போடும் மெஷினும் போயிற்று. தொட்டி முறையைத் திங்கட்கிழமை அவ்வளவு ரசித்துக் கேட்டவர், இப்போது மேலே வந்து வேறு விதமாகப் பேசினார்.

வடகரப்பதி நின்றதால் மறையூர் நிரம்பியது. மறையூர் நிரம்பியதால் ஆனைக்கரை நிரம்பியது. ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மறுபடியும் ஆள் வந்து கத்தரீனாள் வீட்டு வாசலில் நின்றார். பூபதிராஜா சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ப்ரியா, அந்தக் கம்பெனிக்காரன் நம்பர் உன்கிட்ட இருக்குதா?"

"எதுக்குங்க?"

"லைனைக் கொடுத்துடலாம்னு பாக்கறேன்."

"நம்பர் இருக்குதுங்க. தர்றதுக்கு எனக்கு இஷ்டமில்லீங்க" என்றாள் செல்வப்பிரியா.

வழி சொன்னவர் ஈஸ்வரமூர்த்திதான். பால் சொசைட்டியில் குளிரூட்டும் இயந்திரம் இருக்கும் அறைக்குப் பக்கத்து அறை எப்போதும் சில்லென்று இருக்கும். ஜெனரேட்டரும் உண்டு. பூபதிராஜாவின் கம்பி சொசைட்டி வரைக்கும் ஏற்கெனவே இருந்தது. நான்கு பேர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"பாலும் இதும் ஒண்ணுதானுங்க பூபதி" என்றார் ஈஸ்வரமூர்த்தி, தன் மேஜையை ஒதுக்கிக் கொடுத்தபடி. "நின்னுபோனா கெட்டுப்போயிரும்."

"இல்லீங்க ஐயா" என்றாள் மௌனிகா. "இது நின்னாலும் கெடாதுங்க. அதுக்காகத்தான் இத்தனை பாடு."

பெட்டியை உயிர்ப்பித்தாள். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். பச்சைக் கோடு இடது ஓரத்துக்குப் போகவில்லை. முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பதினொன்றாவது பொட்டலத்தோடு நின்றிருந்த அது, முப்பத்தெட்டாயிரத்து இருநூற்றுப் பன்னிரண்டிலிருந்து தொடங்கியது.

பூபதிராஜா மெதுவாகக் கேட்டார். "விட்ட எடத்துல இருந்தேவா?"

"விட்ட எடத்துல இருந்தேதானுங்ணா. ஒண்ணுகூடக் கொறையல."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை இருக்க வழியில்லாத அறை அது.

வெள்ளிக்கிழமை பொட்டலங்கள் வாய்க்காலில் தண்ணீர் போவது போலப் போயின. மத்தியானம் கத்தரீனாள் கூப்பிட்டாள். குரலில் பதற்றம்.

"தம்பி, இங்க மழை. லைன் செத்து ரெண்டு மணி நேரமாச்சு. ஒங்களுக்குச் சொல்லலாம்னு பாத்தா டவரும் இல்ல. இப்பத்தான் கெடச்சது."

பூபதிராஜா திரையைப் பார்த்தார். மறையூர்த் தொட்டியில் இருந்த இருப்பு வந்துகொண்டே இருந்தது. கோயம்புத்தூருக்குப் போகிற கோடு ஒரு நொடி தயங்கவில்லை.

"அக்கா, இங்க யாருக்குமே தெரியலீங்க."

"என்ன தெரியல?"

"மழை பேஞ்சது. கோயமுத்தூருக்கு இன்னும் ஓடிட்டே இருக்குதுங்க."

கத்தரீனாளுக்கு அப்போதுதான் புரிந்தது. "அப்போ நான் கம்பத்துல ஏற வேண்டாம்."

"நிதானமா மழை விட்டதுக்கு அப்புறம் ஏறுங்க அக்கா. ஒரு அவசரமுமில்லீங்க."

முப்பது வருடமாக மழையில் கம்பம் ஏறிய பெண்ணிடம் இப்படி ஒரு வார்த்தையை யாரும் சொன்னதில்லை. அவள், "அது சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அன்று சாயங்காலம் ஏழு கேபிள்காரர்களும் ஒருவரை ஒருவர் கூப்பிட்டுப் பேசிக்கொண்டார்கள். பேச ஒன்றும் இல்லை. ஆனாலும் பேசினார்கள்.

சனிக்கிழமை ஒரு மணிக்கு ஆனைக்கரைத் தொட்டி காலி. மறையூர்த் தொட்டி காலி. பதினோரு டெராபைட் கோயம்புத்தூரில். கடைசி ஒன்று வடகரப்பதியில், பால் சொசைட்டியில். ஒன்றே காலுக்கு, குடிதண்ணீர்க் குழாய் பதிக்கக் குழி தோண்டிய ஜேசிபி, எல்லைக்குச் சற்று முன்னால் பூபதிராஜாவின் கம்பியைக் கொத்தாக வெளியே எடுத்துப் போட்டது.

ஒட்ட வேண்டுமென்றால் சாயங்காலம் ஏழு ஆகும் என்றாள் மௌனிகா, குழிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு. ஐந்து மணிக்குள் சேர வேண்டும்.

பூபதிராஜா ஜேசிபி டிரைவரைத் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் வேறு எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மிணி, ஆனைக்கரைல இப்ப நம்ம சரக்கு ஏதாச்சும் மிச்சமிருக்குதா?"

"இல்லீங்ணா."

"மறையூர்ல?"

"இல்லீங்ணா. பாக்கி மொத்தமும் நம்ம தொட்டியிலதான்."

"அப்பத் தொட்டியையே தூக்கி வண்டியில வை."

ஆம்னி வேனில் நடு சீட்டில் பெட்டிக்கு சீட் பெல்ட் போட்டார்கள். மௌனிகா ஒரு பக்கம், செல்வப்பிரியா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பின்னால் ஈஸ்வரமூர்த்தி. வேனுக்குப் பின்னால் பதினேழு பைக். யாரும் கூப்பிடவில்லை, அவர்களாக வந்தார்கள்.

எல்லைச் சோதனைச் சாவடியில் ஒரு அதிகாரி கையை நீட்டினார். ஒரு வேனும் பதினேழு பைக்கும் வந்தால் யாராயிருந்தாலும் நீட்டத்தான் செய்வார்கள்.

"வண்டியில என்ன?"

"ஏலக்காய்ங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி, பின்சீட்டிலிருந்து, பெருமையாக.

அதிகாரி நிமிர்ந்தார். "பில் எங்க?"

"பில் இல்லீங்க. படம் மட்டுந்தானுங்க."

"எத்தனை கிலோ?"

"ஒரு டெராபைட்டுங்க."

அதிகாரி அதை நோட்டில் எழுதினார். எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "மூட்டைக் கணக்குல சொல்லுங்க."

பூபதிராஜா இறங்கி விளக்க ஆரம்பித்தார். போர்வெல்லில் ஆரம்பித்து, தொட்டி, சொட்டுநீர் என்று வரிசையாக வந்தார். மௌனிகா குறுக்கே வந்து, பெட்டியின் மூடியைக் கழற்றிக் காட்டினாள். அதிகாரி குனிந்து முகர்ந்து பார்த்தார்.

"ஏலக்காய் வாசம் வரலியே. பால் வாசமில்ல அடிக்குது."

"அது சொசைட்டி வாசமுங்க" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

அதிகாரி நோட்டில் எழுதியதை அடித்துவிட்டு, "போங்க" என்றார். இருபத்தைந்து நிமிடம் போயிருந்தது.

நான்கு இருபதுக்குக் கோயம்புத்தூர் ஆபீசில் பெட்டியை இறக்கினார்கள். வருகிறதை வாங்கிச் சரிபார்க்கிற வேலை ஜெஸ்னா என்ற பெண்ணுடையது. கம்ப்யூட்டருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெட்டியையும் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற நான்கு பேரையும் பார்த்தாள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற பதினேழு பேரையும் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் கம்பியைச் செருகினாள்.

பொட்டலங்கள் இறங்கின. ஒவ்வொன்றையும் அவளுடைய கம்ப்யூட்டர் எண்ணி, சரிபார்த்து, அடுத்ததைக் கேட்டது. பூபதிராஜா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது கோடு வலது ஓரத்தைத் தொட்டது.

"தொண்ணூற்றாறாயிரம்" என்றாள் ஜெஸ்னா. "எல்லாம் வந்திருக்கு. எல்லாம் முழுசா இருக்கு. சேதாரமே இல்ல சார்."

மௌனிகா கீழே உட்கார்ந்துவிட்டாள். செல்வப்பிரியா கணவனைப் பார்த்தாள்.  அவர் போனை எடுத்து ஆனைக்கரைக்கு அடித்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, சேர்ந்துருச்சுங்க. பன்னிரண்டும்."

"ஆண்டவருக்கு தோத்திரம்" என்றாள் கத்தரீனாள். அவளுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது. "எங்க செடியும் அதுல இருக்குல்ல தம்பி?"

"இருக்குதுங்க அக்கா. உங்க செடி, பக்கத்துத் தோட்டம், எல்லாமே நம்ம கம்பியிலதான் வந்துதுங்க."

ஜெஸ்னா ஒரு தாளில் முத்திரை குத்திக் கொடுத்தாள். "வருஷ ஆர்டர் உங்களுக்குத்தான் சார். மேலே சொல்லிட்டாங்க, டைப் ஆயிட்டிருக்கு."

பூபதிராஜா அந்தத் தாளை வாங்கிக் கண்ணாடிக் கதவுப் பக்கம் தூக்கிக் காட்டினார். வெளியே பதினேழு பேரும் கை தட்டினார்கள். யாரோ ஒருவர், அவர் ஆட்டோ மைக்கில் சொன்னதையே திருப்பிச் சொன்னார்: நம்ம ஊர் வழியா, நம்ம கம்பி வழியா. பூபதிராஜா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெஸ்னாவிடம் வந்தார்.

"அம்மிணி, ஒரே ஒரு வேண்டுகோளுங்க. இவங்கெல்லாம் இத்தனை தூரம் வந்திருக்காங்க. ஆனைக்கரையில அக்காவும் லைன்ல இருக்காங்க. அதுல ஏதாச்சும் ஒரு படம், ஒரே ஒரு செடி, திறந்து காட்டினீங்கன்னா கண்ணால பாத்துட்டுப் போயிருவோமுங்க."

ஜெஸ்னா அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்சம் யோசித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"படமெல்லாம் திங்கக்கிழமையிலிருந்துதான் சார் அனுப்புவாங்க, இது உங்க வழி தாங்குமான்னு பார்க்க நாங்க படத்துக்குப் பதிலாப் போட்டு அனுப்பின வெறும் சைபர், பன்னிரண்டு டெராபைட்டும், அதுல ஒரு சைபரைக்கூட நீங்க வழியில சிந்தல."